செவத்தி கலக்கி வைத்த சீயக்காய்

அந்தக் காலத்தில் பறவைகள் வாய் திறந்து பேசின. கோழியும் நீந்தியது. சிரிக்காதீர்கள், நன்றாகவே நீந்தியது. வாலடியில் சுரக்கும் எண்ணெயை அலகால் தொட்டு இறகெல்லாம் பூசிக்கொண்டு குளத்தில் இறங்கினால் உடம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஒட்டாது. வாத்துக்கும் அதே எண்ணெய்தான், அதே குளம்தான்.

செவத்தி என்றொரு கோழி இருந்தாள். அவளுக்குத் தங்கை முறை, வெள்ளையம்மா என்ற வாத்து. சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும்போது ஊர்ப் பறவைகள் எல்லாம் குளத்திலேதான் கிடக்கும். செவத்தியின் ஏழு குஞ்சுகளும் அங்கேதான். ஆனால் அம்மாவோடு இல்லை. "சித்தி, இன்னொரு தரம் முங்கு சித்தி!", "சித்தி, என்னை முதுகுல ஏத்திக்கோ!" என்று வெள்ளையம்மாவையே மொய்த்துக்கொண்டிருந்தன.

செவத்திக்கு வயிறு பற்றி எரிந்தது. இரை தண்ணீர் பாராமல் அடைகாத்தவள் நான். பருந்து வந்தால் மூடிக் காப்பவள் நான். முதுகில் ஏற்றி நாலு சுற்றுச் சுற்றியவள் இதுகளுக்கு உசத்தியாகிவிட்டாளா? ஒருநாள் மத்தியானத் தூக்கத்தில் கடைக்குட்டி பொட்டு, "சித்தி" என்று முனகினாள். அவ்வளவுதான், செவத்திக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் போன பெண்கள், மிச்சச் சீயக்காய்ப் பொடியைக் கொட்டாங்குச்சியோடு படித்துறையில் விட்டுவிட்டார்கள். எப்பேர்ப்பட்ட எண்ணெயையும் அது எடுத்துவிடும் என்று செவத்தி வாராவாரம் பார்க்கிறாளே! எண்ணெய் போனால் நீச்சல் போகும். நீந்த முடியாத சித்தியை எந்தக் குஞ்சு தேடும்? தண்ணீர் விட்டுக் குழைத்து வைத்துக்கொண்டு, தேனொழுகக் கூப்பிட்டாள்.

"தங்கச்சி, இங்க வாயேன். முதுகு தேய்ச்சு விடுறேன்."

அக்கா சிரித்துப் பேசியே ஒரு மாசம் ஆகியிருந்தது. வெள்ளையம்மாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. சீயக்காய் என்ன செய்யும் என்பதெல்லாம் அந்த அப்பாவிக்குத் தெரியாது.

"அதெப்படிக்கா? நீ மூத்தவ. உனக்குத் தேய்க்காம நான் தேய்ச்சுக்குவேனா? நீ உட்காரு மொதல்ல."

"வேண்டாம்டி, எனக்கெதுக்கு?"

"உட்காரும்மா!" என்று குஞ்சுகள் சூழ்ந்துகொண்டன. "நாங்களும் தேய்ச்சு விடுறோம்!"

மாட்டேன் என்றால் ஏன் என்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்ல? பல் இருந்திருந்தால் கடித்துக்கொண்டிருப்பாள். வேறு வழியில்லாமல் உட்கார்ந்தாள். வெள்ளையம்மா கழுத்து, இறக்கை, வாலடி என்று ஒரு இடம் விடாமல் பாசத்தோடு தேய்த்தாள். குஞ்சுகளோ கொட்டாங்குச்சிக்குள் இறங்கிப் புரண்டு, "நுரை! நுரை!" என்று கூத்தடித்தன.

"ஐயோ, நீங்க தொடாதீங்கடி!" என்று செவத்தி அலறுவதற்குள், "நான்தான் மொதல்ல!" என்று பொட்டு குளத்தில் குதித்தாள். குதித்தவள் மேலே வரவில்லை.

செவத்தி பின்னாலேயே பாய்ந்தாள். இறகெல்லாம் தண்ணீரைக் குடித்து அவளைக் கீழே இழுத்தது. வெள்ளையம்மா ஓடிவந்து அவள் கழுத்தைப் பிடித்தாள்.

"என்னை விடுடி! பிள்ளையப் பிடி!"

வெள்ளையம்மா முங்கினாள். பொட்டைக் கவ்விக் கரையில் போட்டாள். திரும்பிப் போய் அக்காவையும் இழுத்து வந்தாள். பொட்டு இருமி, தண்ணீரைக் கக்கி, கண்ணைத் திறந்தாள்.

"அதை உனக்குத்தான்டி கலக்கி வச்சேன்," என்றாள் செவத்தி. "பிள்ளைங்க உன்னையே சுத்துறது எனக்குத் தாங்கல."

வெள்ளையம்மா பொட்டின் நனைந்த இறகை அலகால் கோதிவிட்டாள். பிறகு, "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இந்தக் குளத்துப் பக்கமே வந்திருக்க மாட்டேனேக்கா," என்று அழுதாள்.

செவத்திக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. "என் பிள்ளைய எனக்குத் திருப்பிக் குடுத்துட்ட. இனிமே உன் முட்டைய நான் அடைகாத்துத் தர்றேன்," என்றாள். சொன்ன சொல்லை அவள் வம்சம் இன்றுவரை மீறவில்லை. அவளுக்கும் அவள் குஞ்சுகளுக்கும் போன எண்ணெய் மட்டும் பழையபடி ஊறவே இல்லை. வெயில் தாங்காவிட்டால் கோழி மண்ணைக் கிளறி அதில்தான் குளிக்கிறது.

அன்று தொட்டுத்தான், வாத்து முட்டையை வைத்தாலும் கோழி தன் முட்டைபோல அடைகாத்துப் பொரிக்கிறது. பொரிந்த குஞ்சுகள் நேரே குளத்துக்கு ஓடுகின்றன. அவள் கரையோரம் அங்குமிங்கும் ஓடி, வாங்க வாங்க என்று தொண்டை கிழியக் கத்துகிறாள், ஒன்றுகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.