கரட்டீசரைத் தாங்கிய மாதேசனார்

"எறங்குடா மாதேசா! கல்லுக்கடியில வெடி வைக்க ஆளு வந்து—"

"சாமிக்கு அடியிலயா வெடி வைப்பீங்க, மேஸ்திரி? ஊரு பார்த்துக்கிட்டு—"

"எதுடா சாமி? ரெண்டாப் பொளந்து கெடக்குது பாரு! பின்னமானதைக் கும்பிடக் கூடாதுன்னு உங்க பூசாரியே—"

"பொழுது சாயற வரைக்கும் கெடு குடுத்திருக்காருங்க. அதுக்குள்ள சாமி ஒண்ணா நின்னா பூசை உண்டுன்னாரு. பொளந்தது உங்க கடப்பாரைதான், மேஸ்திரி. என் கண்ணால பார்த்தேன்."

மேஸ்திரி பச்சமுத்து அறைந்தான். மாதேசனாரின் உதடு கிழிந்து ரத்தம் முகவாயில் இறங்கியது. அவரோ துடைத்துக்கொள்ளக்கூட நிற்காமல், உடைந்து கிடந்த ஈசனின் மேல்பாதியை மடியில் வாரி எடுத்துக்கொண்டார்.

சேலத்துப் பக்கம் வெண்கரடு என்னும் கல்குன்றில் வெள்ளைக்கல் உடைத்துப் பிழைத்தவர் அவர். கல்லில் ஒட்டியிருக்கும் கறுப்பைச் சுத்தியலால் தட்டிக் கழிக்க வேண்டும், அதுதான் வேலை. சுத்தமான கல் சூளைக்குப் போய், வெந்து, மாவாகும். உப்பளத்திலிருந்து பீப்பாயில் வரும் கசப்புத் தண்ணீரை அந்த மாவில் விட்டுப் பிசைந்தால் போதும், இரும்பாய் இறுகும் சிமெண்டு அது. கரட்டைக் குத்தகைக்கு எடுத்திருந்த குத்தகைக்காரர் அதைத் தரைக்கல்லாக வார்த்து விற்றுக்கொண்டிருந்தார்.

சுத்தியல் விழும்போதெல்லாம் "சிவசிவா" என்பார் மாதேசனார். அந்த மொட்டைக் கரட்டில் பூவுக்கு எங்கே போவார்? அன்றன்று கிடைப்பதில் வெளுத்த கல்லொன்றைத் தேடி எடுத்துக் கரட்டீசர் முன்னே வைப்பார். "கல்லுக்குக் கல்லையே படைக்கிறான் பாரு கிறுக்கன்!" என்று கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள். "எங்கிட்ட இருக்கிறதைத்தானே குடுக்க முடியும்?" என்று அவரும் சேர்ந்து சிரிப்பார்.

நல்ல வெள்ளைக்கல் கரட்டீசரின் காலடியில்தான் ஓடியது. சாமி இருக்கும்வரை ஊர் வெட்ட விடாது. அதனால்தான் குத்தகைக்காரர் சொல்லி அந்தக் கடப்பாரை இறங்கியது. ஊரார் வந்து அழுதார்கள். குத்தகைக்காரரின் ஆட்களைக் கண்டதும் இறங்கிப் போனார்கள். மாதேசனாரும் அவர் மனைவி நல்லாயியும் மட்டும் நின்றார்கள்.

நல்லாயி சூளைவாயில் சிந்திக் கிடந்த மாவை முந்தானையில் கட்டிக்கொண்டு வந்தார். பீப்பாயின் அடியில் கிடந்த கசப்புத் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்தார். மாதேசனார் பிசைந்து பூசி, மேல்பாதியைத் தூக்கிப் பொருத்தினார். உடைவோ சரிவானது, கையெடுத்தால் வழுக்கி விழும். இறுகும்வரை பிடித்தே ஆகவேண்டும். ஈசனைக் கட்டிக்கொண்டு நின்றார் அடியவர்.

"உடுடா கையை!" பச்சமுத்து பெல்ட்டைச் சுழற்றினான். முதுகுத்தோல் கிழிந்தது. நல்லாயி பாய்ந்து அவன் கையைக் கடித்தார். அவன் அவர் வயிற்றில் உதைத்ததில் கல்குவியலில் போய் விழுந்தார். அப்புறம் அவன் கடப்பாரையைத் தூக்கினான். அடியவரின் விலாவில் ஒரு குத்து. மண்டையில் ஒன்று. ரத்தம் கண்ணை மறைத்து, ஈசன்மேல் வழிந்தது.

அப்போது அவர் வாய் திறந்தார். பச்சமுத்துவிடம் இல்லை, கல்லிடம் பேசினார்.

"வலிக்குதா, அப்பா? இன்னும் இறுகலே. கொஞ்சம் பொறுத்துக்கோ."

"யாருகிட்டடா பேசறே?" என்று கத்தினான் பச்சமுத்து. கடப்பாரை வலது முழங்கைமேல் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் சூளைவரைக்கும் கேட்டதாம். இடது கை மட்டும் பிடித்திருந்தது.

"ஒரு கை போதுமா, அப்பா?" என்றார் மாதேசனார்.

இடது கையும் முறிந்தது. அடியவர் வேரறுந்த மரமாகச் சாய்ந்தார். நல்லாயி தவழ்ந்து வந்து அவர் தலையை மடியில் ஏந்திக்கொண்டார்.

"இப்ப உழும் பாரு!" என்று பச்சமுத்து கடப்பாரையை ஊன்றி நின்றான். அவன் சிரிப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை. பூச்சு இன்னும் ஈரமாய்ப் பளபளத்தது. சரிவில் நின்ற கல் இம்மியும் நகரவில்லை.

பொழுது சாய ஊரார் ஏறி வந்தபோது கரட்டீசர் ஒரே கல்லாக நின்றார். பூசாரி உடைந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். பின்பக்கம், மாதேசனாரின் கை எட்டாத, யாருமே நிற்காத பக்கம், இறுகிய பூச்சில் இரண்டு உள்ளங்கைகள் பதிந்திருந்தன. "பூசை உண்டுப்பா, மாதேசா!" என்று விழுந்து கும்பிட்டார். அடியவர் அதைக் கேட்டுக் கண் திறந்து, நிமிர்ந்து நின்ற ஈசனைப் பார்த்துப் புன்னகைத்தார். கையிரண்டும் போன பின்னும் பிடியை விடாத அந்த அன்பை நாம் என்னவென்று போற்றுவது!

பச்சமுத்து கடப்பாரையைக் கீழே போட்டான். நல்லாயியின் முன்னே மண்டியிட்டான்.

"தாயீ, கையி ரெண்டையும் நான்தானே ஒடச்சேன்... அப்ப இந்நேரம் வரைக்கும் கல்லைப் புடிச்சிருந்தது யாரு?"