படகோரம் தெரிந்த மூக்கு

ஆப்பிரிக்காவில் ஒரு பெரிய சதுப்பு. அதன் தண்ணீரைக் கால்வாய் வெட்டி வடித்துவிட்டுக் கரும்பு போட வந்தார் ஓர் அதிகாரி. படித்த படிப்புக்கு மேல் திமிர். அவரைப் படகில் ஏற்றிச் சுற்றிக் காட்டிய படகோட்டி சிலேஷே கெஞ்சிப் பார்த்தான். "ஐயா, தண்ணீர் போனால் எங்கள் சிடதுங்கா மான் பூண்டோடு போய்விடும்."

"எங்கேடா மான்? காலையிலிருந்து சுற்றுகிறேன், ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஒரு மானைக் காட்டு, கால்வாய் வெட்டாமல் திரும்பிப் போகிறேன்!" கரையில் நின்ற ஊருக்கே கேட்கும்படி கத்தினார்.

"சரி ஐயா. நிலத்தைக் கேட்பவர்தான் தண்ணீரில் இறங்கி எல்லைக்கு முதல் முளையை அடிக்க வேண்டும். அது எங்கள் வழக்கம். இறங்குங்கள்."

ஒரு காலைத் தூக்கியவர் அப்படியே நின்றார். "முதலை இருக்குமே?"

"ஒன்றாவது உங்கள் கண்ணில் பட்டதா ஐயா?"

"முட்டாளே, அது வெளியே தெரியுமா? மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு தண்ணீருக்குள் கிடக்கும்!"

"எங்கள் மானும் அப்படித்தான் ஐயா."

அந்த நேரம் படகை ஒட்டி ஒரு மூக்கு புஸ்ஸென்று சீறியது. "ஐயோ, முதலை!" என்று அலறி, அதிகாரி சிலேஷேயின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். முறுக்கிய கொம்போடு ஒரு மான் தண்ணீரைப் பிளந்து எழுந்து கோரைக்குள் பாய்ந்தது.

"முளையை அடிக்கலாமா ஐயா?"

"வேண்டாம்... கால்வாயும் வேண்டாம். கரைக்குப் போ."

"போகலாம் ஐயா. முதலில் என் கழுத்தை விடுங்கள்."