தடுப்புக்கு அந்தப் பக்கம்

“‘மூணு ஊர்க் கூட்டத்துக்கும் போயாச்சு, ஒண்ணுகூட எனக்குச் சரிப்பட்டு வரல.’ போன மாசமும் இதையேதான் சொன்னீங்க, கோமளம். ஒரு வார்த்தை மாறல.”

சிஸ்டர் ஜெசிந்தா கான்வென்ட் சமையலறையில் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டே கடிந்துகொண்டார்.

“சரிப்படலேன்னா வேற எப்படிச் சொல்றது சிஸ்டர்?”

“வத்தலகுண்டுக்கு என்ன குறை?”

“எல்லாரும் அழுறாங்க.”

“பழனி?”

“ஒருத்தர்கூட அழல.”

“பெரியகுளம்?”

“புருஷனை எப்படித் திருத்துறதுன்னே பேச்சு.”

“அந்தப் பேச்சுக்குத்தானே போனீங்க?”

கோமளமும் ஒரு அவரைக்காயை எடுத்து நார் உரிக்கத் தொடங்கினாள்.

குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் வாராவாரம் கூடிப் பேசும் கூட்டங்கள் அவை. எந்த ஊருக்குப் போனாலும் வாசலிலேயே ஒருவர் மரியாதையாகக் கையைக் காட்டிவிடுவார்: “வீட்டம்மாங்க அந்தப் பக்கம்மா.”

அந்தப் பக்கம் என்றால் குடிகாரர்களின் மனைவிமார் உட்காரும் அறை. கோமளமும் மறுபேச்சில்லாமல் போய் உட்கார்ந்தாள்.

குடிப்பது அவள்தான். அவள் கணவர் மாசிலாமணி, பள்ளிக்கூட வாத்தியார், காபியைக்கூடத் தொடமாட்டார். பித்தமாம்.

மனைவிமார் அறையில் சும்மா உட்கார்ந்திருக்க விடுவார்களா? “உங்க வீட்டுல எப்படி?” என்றார்கள். தான் குடித்ததையெல்லாம் அவர் தலையில் கட்டினாள். “அடிப்பாரா?” என்று ஒருத்தி ஆவலோடு கேட்டபோது, பாவம், அவளை ஏமாற்ற வேண்டாமே என்று, “எப்பவாவது” என்றும் சொல்லிவைத்தாள்.

ஆளாளுக்குக் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். வீட்டுக்குத் திரும்பிப் போய்க் குடித்தாள்.

போன வாரம் அடுப்பில் பால் வற்றி, பாத்திரம் கருகி, வீடெல்லாம் புகை. படுத்திருந்தவளுக்கு அது தெரியவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்து எழுப்பினார்கள். இன்னொரு முறை இப்படி நடந்தால் எழுந்திருக்கப் போவதில்லை என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. அந்தப் பயம்தான் அவளை மறுபடி பஸ் ஏற்றிவிட்டிருந்தது.

“எனக்குன்னு ஒரு கூட்டம் சொல்லுங்க சிஸ்டர்.”

சிஸ்டர் கையிலிருந்ததை முறத்தில் வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

“ஞாயித்துக்கிழமை இங்கேயே கூட்டம் இருக்கு, வாங்க. உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க.”

“அவரையா? அவர் எதுக்கு?”

“குடிக்கிறவர் அவர்தானே?”

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் கோமளம் கீழே விழுந்த அவரைக்காயைப் பொறுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை மாசிலாமணி எந்தக் கூட்டம், எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

வாசலில் நின்ற ஒரு அம்மாள், பெரியகுளத்து அறையில் கோமளத்தின் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னவள், அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“தங்கமான பொம்பளைய இப்படிப் படுத்துறீங்களே, நல்லாவா இருக்கு?”

மாசிலாமணி மனைவியை ஒருமுறை பார்த்தார். “தப்புதாம்மா” என்றார்.

கோமளத்துக்குக் காது மடல் சுட்டது.

ஆண்களுக்கு ஒரு பக்கம், வீட்டம்மாக்களுக்கு ஒரு பக்கம். நடுவில் பலகைத் தடுப்பு. அந்தப் பக்கத்துப் பேச்சு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்கும். ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம்.

பழகிய குரல் ஒன்று தொண்டையைச் செருமியது.

“என் பேர் மாசிலாமணி. நான் குடிக்கிறேன்.”

கோமளம் நிமிர்ந்தாள்.

“பாட்டிலை அரிசி டிரம்முக்குள்ள புதைச்சு வைப்பேன். சாயங்காலம் ஆள் வர்ற நேரத்துக்கு ஏலக்காய் மென்னுக்குவேன். வீட்டுல யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன்.”

அரிசி டிரம்மைப் பற்றி அவள் எந்த ஊரிலும், எந்த அறையிலும் சொன்னதில்லை.

“சிஸ்டர், அவரை உட்காரச் சொல்லுங்க” என்றாள், வழியோரம் உட்கார்ந்திருந்த சிஸ்டரிடம்.

“குறுக்கே பேசக் கூடாது, கோமளம்.”

“அவர் பொய் சொல்றார் சிஸ்டர்!”

“எது பொய்?”

கோமளம் யோசித்துப் பார்த்தாள். பெயரைத் தவிர வேறு பொய் எதுவும் அதில் இல்லை.

அந்தப் பக்கம் குரல் இறங்கியது.

“விட்டுடணும்னு ஆசைதான். பலதடவை விட்டிருக்கேன். ஆனா… ஏன் குடிக்கிறேன்னு மட்டும் எனக்குத் தெரியல. ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பார்க்கிறேன். நான் என்ன செஞ்சேன்னு பார்க்கிறேன், என்ன செய்யாம விட்டேன்னு பார்க்கிறேன். ஒண்ணும் பிடிபடல.”

கோமளம் எழுந்தாள். பக்கத்தில் இருந்தவள் “எங்க போறீங்க? அது ஆம்பளைங்க இருக்கிற பக்கம்” என்று முந்தானையைப் பிடித்தாள்.

சிஸ்டர் காலை மடக்கிக்கொண்டு வழிவிட்டார்.

தடுப்பைச் சுற்றி அவள் வந்து நின்றபோது அத்தனை தலைகளும் திரும்பின. மாசிலாமணி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவர் காபிகூடக் குடிக்க மாட்டார்” என்றாள். “அடிச்சதும் கிடையாது. என் பேர் கோமளம். குடிக்கிறது நான்.”

யாரோ டீ கிளாஸை ஓசையில்லாமல் கீழே வைத்தார்கள்.

“ஏன்னு நான் சொல்றேன்” என்றாள், அவரைப் பார்த்து. “நல்லாயிருக்காது. சொல்லி முடிக்கிறவரைக்கும் எழுந்து போயிடாதீங்க.”

மாசிலாமணி தரையிலிருந்து பார்வையை எடுத்து, பக்கத்து நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டார்.