தாமதமாக வந்த காய்ச்சல்

எங்கள் எட்டாங்குறிச்சிக்காரர்களைப் பற்றி வெளியூர்க்காரர் யாராவது ஏதாவது சொன்னால் எங்களுக்குப் பொல்லாத கோபம் வரும். சொல்ல வேண்டியதை நாங்களே சொல்லிக்கொள்வோம். அதில் எங்களுக்குக் கூச்சமே கிடையாது.

பெத்துராஜ் எங்கள் ஊர் நூற்பாலையில் பதினெட்டு வருஷமாக ஏணி பிடிக்கிறவர். மேலே ஏறி விளக்கு மாட்டுகிறவர் வயர்மேன். கீழே நின்று ஏணியைப் பிடிக்கிறவர் பெத்துராஜ். இந்தப் பதினெட்டு வருஷத்தில் நாலு வயர்மேன்கள் மாறிவிட்டார்கள். நாலு பேருடைய உள்ளங்காலையும் அவருக்கு அடையாளம் தெரியும். ஒரு நாளாவது தானும் அந்த ஏணியில் ஏறிவிட வேண்டும் என்று அவருக்கு அப்படி ஒரு ஆசை. சான்றிதழ் இருந்தால் ஏறலாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

அதனால்தான் நாற்பத்தோரு வயதில், பக்கத்து ஊர்ச் சமுதாயக் கல்லூரியில் ஆறு மாத வயரிங் படிப்பில் சேர்ந்தார். தனியாகப் போகப் பயந்து, அதே மில்லில் பஞ்சு அள்ளுகிற சிமியோனையும் வெள்ளைப்பாண்டியையும் சேர்த்துவிட்டார். காலையில் கல்லூரி, மத்தியானம் மில் என்று ஏற்பாடு.

முதல் நாள் வாசலிலேயே பெரிய பலகை ஒன்றில் விதிகள் எழுதியிருந்தன. மூன்று பேரில் தடங்கல் இல்லாமல் வாசிக்கத் தெரிந்தவர் பெத்துராஜ்தான். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. தொண்டையைச் செருமிக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தார். நூற்றுக்கு எழுபத்தைந்து நாள் வருகை இல்லாதவர் தேர்வு எழுத முடியாது. பத்து நிமிஷத்துக்கு மேல் தாமதமாக வருபவரை உள்ளே விடக் கூடாது. கையைத் தூக்கி அனுமதி பெற்ற பிறகே பேச வேண்டும். வீட்டுப்பாடத்தை அவரவர் வீட்டில்தான் செய்ய வேண்டும். விடுப்புக்கு மூன்று நாள் முன்னதாகவே காரணத்தோடு எழுதித் தர வேண்டும். காரணம் பொய் என்று தெரிந்தால் பெயர் நீக்கப்படும்.

கேட்டு முடித்த வெள்ளைப்பாண்டி, "இம்புட்டுத்தானா? மனுசன் ஒழுங்கா இருக்கதுக்கு இதுக்கு மேல என்ன வேணும்" என்றார். மூன்று பேரும் அன்றைக்கே விதிகளை மனப்பாடம் செய்துவிட்டார்கள். பாடத்தைத்தான் கடைசிவரை மனப்பாடம் செய்யவில்லை.

அவர்களுக்கு வாத்தியார் தனுஷ்கோடி சார். வயதில் இவர்களைவிடச் சின்னவர் என்பதால் மரியாதையாக அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். ஐந்து மாதம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. அதற்கப்புறம் ஒரு நாள், சூடாக இருந்த சால்டரிங் அயர்னை வருகைப்பதிவேட்டின் மேல் வைத்துவிட்டு, சார் திரும்பி நின்று கரும்பலகையில் படம் வரைய ஆரம்பித்தார்.

பதிவேட்டிலிருந்து புகை கிளம்பியது. மூன்று பேரும் உடனே கையைத் தூக்கினார்கள். சார் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "சந்தேகம் எல்லாம் கடைசியில கேளுங்க அண்ணாச்சி" என்றார். சரி, நேரம் சொல்லிவிட்டார் என்று மூவருக்கும் நிம்மதி. கையை இறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாடம் முடிந்ததும் பெத்துராஜுக்குப் பேச அனுமதி கிடைத்தது.

"சந்தேகம் ஒண்ணும் இல்ல சார். பதிவேடு எரியுதுன்னு சொல்லலாம்னு இருந்தோம். இப்ப எரிஞ்சு முடிஞ்சிட்டு."

ஐந்து மாத வருகையும் சாம்பல். முதல்வர் தலையில் கையை வைத்துக்கொண்டு யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். தேர்வுக்கு இன்னும் இருபது நாள் வகுப்பு இருக்கிறது. புதுப் பதிவேடு போட்டு, அந்த இருபதில் பதினைந்து நாள் வந்தவர்கள் தேர்வு எழுதலாம். இதைக் கேட்டதும் பெத்துராஜ் விரல் விட்டு நாளை எண்ண ஆரம்பித்தார். பதினெட்டு வருஷம் ஏணியைப் பிடித்தவருக்கு இருபது நாளைப் பிடிக்க முடியாதா என்று சிமியோன் தைரியம் சொன்னார்.

ஆனால் இரண்டாம் நாளே சார் பன்னிரண்டு நிமிஷம் தாமதமாக வந்தார். சிமியோன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டார். சார் வெளியே நின்று தட்டினார், கெஞ்சினார், பிறகு அதட்டினார். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று உள்ளேயிருந்து பணிவாகப் பதில் வந்தது. பதிவேடு சாரின் கையில், சாரோ வெளியே. ஆக அன்றைக்கு வகுப்பு முழுவதற்கும் வருகை இல்லை. அடுத்த வாரமும் ஒரு தடவை சாருடைய பேருந்து பழுதாகி, இதே கதை நடந்தது.

அப்புறம் வீட்டுப்பாடம். பெத்துராஜ் வீட்டுக்கு ஓடு மாற்றுகிறார்கள் என்று குடும்பமே மாமனார் வீட்டில் இருந்தது. அங்கே உட்கார்ந்து எழுதினால் அது மாமனார் வீட்டுப்பாடம் ஆகிவிடும் என்று பெத்துராஜ் பயந்தார். அதனால் கூரை இல்லாத தன் வீட்டுக்கே போய், நடுக்கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதினார். நல்ல மழை. நோட்டு ஊறிப்போயிற்று. அதைக் கொடியில் போட்டுக் காயவைக்க இரண்டு நாள் ஆனது. வீட்டுப்பாடம் இல்லாமல் எந்த முகத்தோடு போவது என்று அந்த இரண்டு நாளும் கல்லூரிப் பக்கமே போகவில்லை.

ஆக நாலு நாள் போய்விட்டது. இனி ஒரே ஒரு நாள்தான் விடலாம். அந்த ஒரு நாள் எதற்கென்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. வருகிற வியாழக்கிழமை அவருடைய தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில்தான் பிள்ளையை உட்காரவைக்க வேண்டும். மடி போகாமல் முடியாது, மடியோடு ஆளும் போயாக வேண்டும்.

திங்கட்கிழமை மூவரும் கல்லூரி வேப்பமரத்தடியில் கூடி விண்ணப்பம் எழுத உட்கார்ந்தார்கள்.

"உள்ளதை உள்ளபடி, காதுகுத்துன்னு எழுதிக் குடுத்தா என்னவே?" என்று கேட்டார் சிமியோன்.

"யாருக்குவே காது குத்துதீருன்னு சார் திருப்பிக் கேப்பாரு" என்றார் வெள்ளைப்பாண்டி.

பெத்துராஜ் இருவரையும் பரிதாபமாகப் பார்த்தார். "லீவு லெட்டர்னா காய்ச்சல்தான்வே. நான் அஞ்சாப்பு வரைக்கும் எழுதினது அம்புட்டும் காய்ச்சல்தான். வேற காரணத்துக்கு லெட்டரே கிடையாது."

படித்தவர் சொல்லிவிட்டார். 'வருகிற வியாழக்கிழமை எனக்குக் கடுமையான காய்ச்சலாக இருப்பதால்' என்று தொடங்கி அழகாக எழுதிக் கையெழுத்தும் போட்டார். சார் அதைச் சரியாகப் பார்க்காமல் வாங்கிக் கோப்பில் வைத்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்.

வியாழக்கிழமை விடிந்தது. பெத்துராஜ் எழுந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். மோர்ப்பானை மாதிரி குளுகுளு என்று இருந்தது. அப்போதுதான் அவருக்குக் கடைசி விதி ஞாபகம் வந்தது. காரணம் பொய் என்றால் பெயரே போய்விடும். பெயர் போனால் தேர்வு இல்லை, ஏணியும் இல்லை. சாகிறவரைக்கும் அடுத்தவன் உள்ளங்காலைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நிஜமாகவே அவருக்கு அழுகை வந்துவிட்டது.

காதுகுத்துக்கு அழைப்பு இருந்ததால் நண்பர்கள் இருவரும் அன்றைக்கு முறைப்படி விடுப்பு எடுத்திருந்தார்கள். இருவருக்கும் வயிற்றுவலி என்று எழுதியிருந்தார்கள். முந்தின நாளே முன்யோசனையாக ஆளுக்கு முப்பது பச்சை மாங்காய் தின்று அதை வரவழைத்தும் விட்டார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டே வந்து சேர்ந்து, கக்கத்தில் வெங்காயம் வைத்தால் காய்ச்சல் வரும் என்று யோசனை சொன்னார்கள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிற எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம்தான். பெத்துராஜ் இரண்டு கக்கத்திலும் உரித்த வெங்காயத்தை இடுக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனார்.

பிள்ளையை மடியில் உட்காரவைத்ததுமே அது வீரிட்டு அழ ஆரம்பித்தது. ஆசாரி இன்னும் ஊசியையே எடுக்கவில்லை. பெத்துராஜ் கண்ணிலும் தாரை தாரையாகத் தண்ணீர். பக்கத்தில் நின்ற சொந்தக்காரர்கள் மூக்கை உறிஞ்சினார்கள். ஆசாரியும் கண்ணைத் துடைத்துத் துடைத்துத்தான் குத்தினார். அண்ணனுக்குத் தன் பிள்ளைமேல் இவ்வளவு பாசமா என்று தங்கச்சி உருகிப்போனாள். எல்லோரும் அழுதார்கள். காய்ச்சல் மட்டும் வரவில்லை.

மத்தியானத்திலிருந்து சாயங்காலம் வரை கழுத்தளவு கிணற்றுத் தண்ணீரில் நின்றார். தும்மல்கூட இல்லை. கரையில் உட்கார்ந்திருந்த வெள்ளைப்பாண்டி யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்.

"காய்ச்சலைக் குறை சொல்லக் கூடாதுவே. நீரு சாருக்குத்தானே மூணு நாள் முன்னால எழுதிக் குடுத்தீரு. காய்ச்சலுக்கு யாரு சொன்னா?"

இதைக் கேட்டபோது நானும் அங்கேதான் இருந்தேன். நியாயம்தானே என்று தலையாட்டினேன். ஊரைப் பற்றி ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேனே.

வெள்ளிக்கிழமை பெத்துராஜ் இரண்டாவது விண்ணப்பத்தோடு போனார். வியாழக்கிழமை வருவதாக இருந்த காய்ச்சல் எதிர்பாராத காரணத்தால் வரவில்லை என்றும், அது பொய் அல்ல, தாமதம்தான் என்றும், வந்துசேரக் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்றும் எழுதியிருந்தார். தனுஷ்கோடி சார் அதை இரண்டு தடவை வாசித்தார். ஆறு மாதம் இவர்களோடு இருந்தவர் என்பதால் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. ஒரு வாரம் அவகாசம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அதன்பின் பெத்துராஜ் ஒரு நாள்கூட விடாமல் வந்து, பதினைந்தாவது நாளையும் முடித்து, ஹால் டிக்கெட்டைக் கையில் வாங்கிவிட்டார்.

அவகாசத்தின் கடைசி நாளும் தேர்வும் ஒரே நாளில் வந்தன.

பத்து மணிக்குத் தேர்வு. முதல் கேள்வி தெரிந்த கேள்வி. மகிழ்ச்சியாக எழுத ஆரம்பித்தவருக்குப் பத்து இருபதுக்குக் கை நடுங்கியது. பல் தந்தியடித்தது. சார் ஓடி வந்து கழுத்தில் கையை வைத்துப் பார்த்தார். தோசைக்கல் மாதிரி கொதித்தது. இப்படியே எழுதினால் உடம்புக்கு ஆகாது, வீட்டுக்குப் போங்கள், ஆறு மாதம் கழித்து எழுதிக்கொள்ளலாம் என்றார்.

பெத்துராஜ் நடுங்குகிற கையை மெல்லத் தூக்கினார். சார் அனுமதி கொடுத்தார்.

"சார், இது போன வியாழக்கிழமை வர வேண்டியது. இப்பத்தான் வந்திருக்கு. தேர்வு பத்து மணிக்கு. இப்ப மணி பத்து இருபது. பத்து நிமிசத்துக்கு மேல ஆனா உள்ள விடக் கூடாதுல்லா?"

சார் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் வெள்ளைப்பாண்டி கையைத் தூக்கி அனுமதி வாங்கி எழுந்து போய்க் கதவைத் திறந்தார். "ஐயா, தப்பா நினைக்காதியும். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். மணி அடிக்கிற வரைக்கும் வெளிய நில்லும்" என்று காய்ச்சலிடம் பணிவாகச் சொன்னார். அது போவதற்குக் கொஞ்சம் நேரம் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

பெத்துராஜ் சட்டையெல்லாம் வியர்வையில் நனைய நனைய எழுதினார். மழையில் ஊறிய அந்த வீட்டுப்பாடம்தான் நாலாவது கேள்வியாக வந்திருந்தது. ஒன்றுவிடாமல் எழுதிவிட்டார். சார் நாற்காலியில் உட்கார்ந்து பதிவேட்டை விரித்துப் பெத்துராஜுக்கு நேரே வருகை போட்டார். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு அடியில் புதிதாக ஒரு கோடு போட்டு, 'காய்ச்சல்' என்று பெயர் எழுதி, அதற்கு நேரே 'தாமதம்' என்று குறித்துக்கொண்டார்.

ஒரு மணிக்கு மணி அடித்தது. விடைத்தாளைக் கொடுத்துவிட்டுப் பெத்துராஜ் வாசலுக்கு வந்தார். அப்போதும் மரியாதையை விடவில்லை. கையைக் கூப்பி, "ரொம்ப நேரம் வெயில்ல நிக்க வச்சிட்டேன், மன்னிக்கணும், வாரும்" என்று சொல்லிவிட்டு அப்படியே சுருண்டு விழுந்தார். சிமியோனும் வெள்ளைப்பாண்டியும் ஆளுக்கு ஒரு பக்கமாகத் தூக்கிப் பேருந்தில் ஏற்றினார்கள். நடத்துநர் எத்தனை பேர் என்று கேட்டார். மூவரும் கையைத் தூக்கினார்கள். அவர் பேச அனுமதி கொடுக்கவில்லை. எட்டாங்குறிச்சி தாண்டிப் பதினோரு மைல் வரைக்கும் தூக்கிய கையோடு போய்ச் சேர்ந்தார்கள்.