முள்ளெறியும் ஒரு விளையாட்டா?

ரொம்ப நாளைக்கு முன்னால் தாழைநாட்டை அலங்காரவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். மனசு நல்ல மனசுதான். ஆனால் வாயில் போட்ட வெற்றிலை சிவப்பதற்குள் போட்ட உத்தரவை மாற்றிவிடுவான்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். அம்பாள் தேர்த் திருவிழாவுக்கு முந்தின நாள் அரண்மனையில் விளையாட்டுப் போட்டி நடக்கும். ஜெயித்தவர் தெருவுக்குள் மறுநாள் தேர் வரும். அவர் வீட்டு வாசலில் அம்பாள் ஒரு நாழிகை நிற்பாள். பன்னிரண்டு வருஷமாக ஜெயிப்பது மல்லர் தலைவன் வச்சிரமல்லன்தான். அதனால் மல்லர் தெருவைத் தவிர வேறு தெருவுக்குப் போகிற வழியே தேருக்கு மறந்துபோயிற்று.

அந்த வருஷம் கூடை முடைகிற அஞ்சலை என்பவள் வந்தாள். மூங்கில் சிலாம்பைச் சீவி, விரல் நீளத்தில் கூர்முள் செய்து, பலகையில் வைத்த சிவப்புப் பொட்டில் எறிவது அவர்கள் தெருவில் ஒரு விளையாட்டு. முள்ளெறி என்று பெயர். பத்தடி தள்ளி நின்று பன்னிரண்டு முள் எறிந்தாள். பன்னிரண்டும் பொட்டுக்குள் போய் நெருக்கியடித்து நின்றன.

ராஜா எழுந்தே நின்றுவிட்டான். "பலே! நாளைக்குத் தேர் உன் தெருவுக்குத்தான்!"

அஞ்சலைக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் வீட்டுக்காரர் மூங்கில் வெட்டப் போன இடத்தில் விழுந்து, இடுப்பு ஒடிந்து மூன்று வருஷமாகப் படுக்கை. "கோயிலுக்குத்தான் போக முடியலே, அம்பாளை ஒரு தடவை பார்த்துட்டா போதும்" என்று தினமும் சொல்வார்.

வச்சிரமல்லனுக்கு வயிறு எரிந்தது. "மன்னா, இது அநியாயம்! நின்ற இடத்தில் நின்று ஒரு குச்சியை வீசுவது விளையாட்டா? எங்கள் கோதாவில் வந்து பாருங்கள், மண்ணே நனைந்து போகும். வேர்வை வந்தால்தான் அது விளையாட்டு. இல்லாவிட்டால் சும்மா பொழுதுபோக்கு!"

ராஜா தாடையைச் சொறிந்தான். "அட, ஆமாம்! வேர்க்காத விளையாட்டு விளையாட்டே இல்லை. தேர் மல்லர் தெருவுக்கே போகட்டும்."

அஞ்சலை அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மந்திரி திருமேனியார் மெதுவாக எழுந்தார். "மல்லர் சொன்னது நியாயமான அளவுகோல் மன்னா. ஆனால் எந்த அளவுகோலையும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டாமா? மல்லரே ஒரு முள் எறியட்டும். அவருக்கு வேர்க்கவில்லை என்றால் முள்ளெறி விளையாட்டில்லை."

"ஒன்றென்ன, நூறு எறிகிறேன்!" என்று வச்சிரமல்லன் மார்தட்டினான்.

"ஒன்று போதும். போட்டி என்றால் அதில் தோற்கவும் இடம் இருக்க வேண்டுமே! மன்னா, தங்கள் தலைப்பாகையைக் கொஞ்சம் கொடுங்கள்." வாங்கி, சிவப்புப் பொட்டுக்கு ஒரு விரற்கடை கீழே மாட்டினார். "ராஜாவின் தலைப்பாகையைக் குத்தினால் என்ன தண்டனை?"

ராஜாவுக்கு ஒரே குஷி. "மூன்று வருஷம் யானைக் கொட்டாரத்தில் லத்தி அள்ள வேண்டும்!"

வச்சிரமல்லன் முள்ளை எடுத்தான். உலக்கை மாதிரி விரல்களுக்கு நடுவில் அது எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. கையை ஓங்கினான், இறக்கினான். மறுபடி ஓங்கினான், பொட்டு கடுகாகத் தெரிந்தது, தலைப்பாகை பூசணிக்காயாகத் தெரிந்தது.

"என்ன மல்லரே, எறியலாமே," என்றார் மந்திரி.

"இருங்கள் அமைச்சரே. வெளிச்சம் சரியில்லை."

"நடுப்பகல்தானே?"

நெற்றியில் புறப்பட்ட வேர்வை மூக்கில் இறங்கி மீசையில் சொட்டியது. மந்திரி தன் துண்டால் அவன் முகத்தை அன்பாகத் துடைத்து, ராஜா முன்னால் பிழிந்தார். "மன்னா, இன்னும் முள் கையைவிட்டே போகவில்லை. அதற்குள் அரைச் செம்பு!"

சபை கொல்லென்று சிரித்தது. முள்ளைக் கீழே வைத்துவிட்டு, "இது பயத்தில் வந்த வேர்வை, கணக்கில் சேராது," என்று முணுமுணுத்தான் மல்லன். "அவளுக்கு மட்டும் ஏன் வேர்க்கவில்லையாம்?"

அஞ்சலை எழுந்து உள்ளங்கையை நீட்டினாள். ஈரம் பளபளத்தது. "வேர்க்காம என்னங்கய்யா! வேர்த்தா முள்ளு வழுக்கும். ஒவ்வொரு தடவையும் முந்தானையில துடைச்சு, மனசுக்குள்ள அம்பாளைக் கூப்பிட்டு, கை நடுக்கத்தை அடக்கிட்டுத்தான் எறியறேன். அந்த அடக்குறதுதான் இந்த விளையாட்டே."

தலைப்பாகையை எடுக்கச் சொல்லாமல் அப்படியே மூன்று முள் எறிந்தாள். மூன்றும் பொட்டில்.

"இவ்வளவுதானா? கொடு இங்கே!" என்று ராஜா சிம்மாசனத்தை விட்டுக் குதித்து ஒரு முள்ளை வீசினான். அது நேராகப் போய் அவன் தலைப்பாகையின் நட்டநடுவில் குத்தி நின்றது.

சபை முழுக்க விட்டத்தைப் பார்த்தது.

"மன்னா," என்றார் திருமேனியார் பணிவாக, "கொட்டாரத்துக்குத் தாங்கள் எந்த வேளைக்கு வருவதாகச் சொல்லட்டும்?"

ராஜா வழுக்கைத் தலையைத் தடவினான். நெற்றியைத் துடைத்துவிட்டுக் கையைப் பார்த்தான். அப்புறம் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "விளையாட்டுத்தான் ஐயா, ஒத்துக்கொள்கிறேன்! தண்டனையை மட்டும் ரத்து செய்கிறேன். தேர் அஞ்சலை தெருவுக்கே. குறுகலான தெரு அது, மல்லர்கள்தான் இழுத்துக்கொண்டு போய் நிறுத்த வேண்டும். இந்த உத்தரவை நான் மாற்றினாலும் நீங்கள் கேட்கக்கூடாது."

மறுநாள் வச்சிரமல்லன் வடம் பிடித்துத் தேரை அஞ்சலை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். உள்ளே கட்டிலில் கிடந்தவரைப் பார்த்ததும் அவனுக்கு என்ன தோன்றியதோ, யாரும் சொல்லாமலே போய்க் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிவந்து, வாசலில் நின்றான்.

அந்த மனுஷர் கைகூப்பிக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தார். அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. உங்க தோளு அம்பாளை மறைக்குது."

வச்சிரமல்லன் தோளைச் சாய்த்துத் திரும்பி நின்றான். அம்பாள் நகரும்வரைக்கும் அப்படியே நின்றான்.