மதில்மேல் வைத்த தூக்கு

ணங்!

பித்தளைத் தூக்கை மதில்மேல் வைக்கும் சத்தம் அது. எத்தனையோ வருஷங்களுக்கு முன்னால், எங்கள் வீட்டு மதிலில், விடிந்தும் விடியாத வேளையில் கேட்டது. அன்று உடன் கேட்டவர்கள் பலர் இன்று இல்லை. சத்தம் மட்டும் இருக்கிறது. அதற்குள் ஒரு கதையும் இருக்கிறது. சின்னவர்களும் வாருங்கள், பெரியவர்களும் வாருங்கள்.

ஆற்றுக்கு இன்னும் யாரும் பெயர் வைக்காத காலம். அதன் கரையில் நாவல்துறை என்று ஒரு நாடு. அங்கே ஏழுபூட்டன் என்று ஒரு மந்திரவாதி. அவன் மாளிகை வாசலுக்கு ஏழு பூட்டு. ஏழுக்கும் சாவி கிடையாது. அவன் தன் வலது கையை இறுக்கி மூடியிருக்கும்வரை பூட்டுகளும் மூடியிருக்கும். முப்பது வருஷமாக அந்தக் கையை அவன் திறக்கவில்லை, தூக்கத்தில்கூட. உள்ளே போனது உள்ளேதான்.

சோலையன் என்ற படகோட்டி அந்தத் துறையில் பாடிக்கொண்டே துடுப்புப் போடுவான். பாட்டைக் கேட்ட ஏழுபூட்டனுக்கு அது தனக்கு மட்டும் வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. மந்திரம் போட்டான். படகில் ஆளைக் காணோம். துடுப்பின்மேல் ஒரு மைனா உட்கார்ந்திருந்தது. அதைக் கொண்டுபோய் மாளிகைக்குள் வைத்தான். உள்ளே போனது உள்ளேதான்.

சோலையனின் மனைவி அன்னமுத்து மூன்று நாள் அழுதாள். நாலாம் நாள் மாளிகை மதிலை ஒட்டிக் குடிசை போட்டு அடுப்பு மூட்டினாள். அவளுக்கு மந்திரம் தெரியாது, வாள் பிடிக்கத் தெரியாது. சமைக்கத் தெரியும். மதிலுக்கு அந்தப் பக்கம் மைனா பாடுவது கேட்கும். சோலையன் பாடும் அதே பாட்டு, முதல் அடி மட்டும். அதற்குமேல் பாடாது.

முதல் நாள் காலை ஆப்பம் சுட்டாள். ஓரம் மொறுமொறு, நடுவில் பஞ்சு. தேங்காய்ப்பால் ஊற்றித் தூக்கை மதில்மேல் வைத்தாள். ணங்!

மதிலுக்குமேல் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"யார் நீ?"

"பக்கத்து வீடு அண்ணே. புதுசா குடி வந்திருக்கேன்."

"தெரியும், தெரியும். மைனாவுக்காக வந்திருக்கே. தரமாட்டேன்."

"இப்ப யாரு மைனாவைக் கேட்டா? ஆப்பம் ஆறுது, சாப்பிடுங்க."

ஏழுபூட்டன் சொடக்குப் போட்டால் தட்டு நிறையப் பலகாரம் வரும். ஆனால் அதில் சூடு இருக்காது, வாசனை இருக்காது. இந்த ஆப்பத்தில் இரண்டும் இருந்தன. ஒன்று விடாமல் தின்றுவிட்டுத் தூக்கைத் திருப்பி வைத்தான்.

"என்னண்ணே, தூக்கு காலியா வருது? எங்க பக்கம் வெறும் பாத்திரம் திருப்பித் தர்றதில்லே."

அவன் கை நிறைய முத்து அள்ளிப் போட்டான்.

"முத்துக்கு எந்தச் சட்னி தொட்டுக்கறது அண்ணே?" என்று அவள் அதை அப்படியே மதிலுக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டாள்.

இரண்டாம் நாள் வெண்பொங்கல். மிளகு வெடித்த நெய் வாசனை மதிலைத் தாண்டிப் போயிற்று. ணங்! ஏழுபூட்டன் தின்றான், இடது கை விரல்களை நக்கினான். பிறகு சொடக்குப் போட்டான். தூக்கு நிறைய லட்டு. மதில் தாண்டியதும் லட்டெல்லாம் சருகாகிவிட்டன. காற்றிலிருந்து வந்தது வெளிக்காற்றில் நிற்கவில்லை.

"இதை மாடுகூடத் தின்னாது அண்ணே. கையால செஞ்சது வைங்க. தூக்கு நிறைஞ்சு வந்தாத்தான் நிறைஞ்சு போகும்."

மூன்றாம் நாள் ணங் என்ற சத்தமே இல்லை. வெயில் ஏறியது. ஏழுபூட்டன் மதிலைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

"ஏம்மா, இன்னிக்கு ஒண்ணுமில்லையா?"

"நேத்து நீங்க கையால செஞ்சது ஒண்ணும் வைக்கலையே."

"எனக்குச் சமைக்கத் தெரியாதும்மா."

அவ்வளவு பெரிய மந்திரவாதி அதைச் சொன்னபோது குரல் சின்னதாகிவிட்டது. அன்னமுத்து வறுத்த அரிசிமாவு ஒரு சட்டி நிறைய எடுத்து நீட்டினாள்.

"புட்டு செய்யுங்க. வெதுவெதுப்பா உப்புத்தண்ணி வச்சுக்கங்க. தெளிச்சுத் தெளிச்சுப் பிசிறணும். கையில பிடிச்சா பிடிபடணும், விட்டா உதிரணும். அதுதான் பதம். அப்புறம் தேங்காய்ப்பூ தூவி ஆவியில வைங்க."

முதல் தடவை கூழாயிற்று. இரண்டாம் தடவை கல்லாயிற்று. மூன்றாம் தடவை அன்னமுத்து எட்டிப் பார்த்துவிட்டாள்.

"ஐயய்யே! இடது கையாலயா பிசையறீங்க? அதை நான் எப்படிச் சாப்பிடறது? வலது கைக்கு என்ன, அடிபட்டுதா?"

"திறந்தா எல்லாம் போயிடும்."

பூட்டுகளின் ரகசியம் அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. பேசாமல் இருந்திருக்கலாம். அவள் பேசினாள்.

"அப்ப மைனாவும் போயிடும் அண்ணே. எனக்கு அதுதான் வேணும், பொய் சொல்ல மாட்டேன். ஆனா உங்க புட்டைச் சாப்பிட்டுட்டுத்தான் போவேன்."

"நெஜமாவா?"

"நெஜமா. நீங்களும் கூட உக்காந்து சாப்பிடணும்."

ஏழுபூட்டன் திரும்பி மாளிகையைப் பார்த்தான். முப்பது வருஷம் சேர்த்ததெல்லாம் அங்கே வாசனை இல்லாமல் கிடந்தது. மைனா முதல் அடியைப் பாடிவிட்டு நிறுத்திக்கொண்டது. அவன் இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்தான். உள்ளங்கையில் நகம் பதிந்த தழும்புகள். அந்தக் கையால் மாவைப் பிடித்தான், பிடிபட்டது. விட்டான்; உதிர்ந்தது.

வாசலில் ஏழு பூட்டும் கழன்று விழுந்தன. ணங் ணங் என்று ஊரே கேட்டது. மைனா மதிலைத் தாண்டிப் பறந்து வந்து தரையில் கால் வைத்தது. சோலையன் நின்றான், தலைமயிரில் ஓர் இறகோடு. அன்னமுத்து அந்த இறகை எடுத்துவிட்டாள்.

ஆனாலும் அவள் கிளம்பவில்லை. ஆவி வரும்வரை காத்திருந்தாள். ஏழுபூட்டன் தூக்கை எடுத்துக்கொண்டு, மதில் வழியாக அல்ல, திறந்த வாசல் வழியாக வந்தான். மூவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

"உப்பு கொஞ்சம் தூக்கல் அண்ணே. நாளைக்குக் குறைச்சுக்குங்க."

சோலையன் படகுக்குப் போனான். பாட்டின் இரண்டாம் அடி அன்று சாயங்காலம் ஆற்றில் கேட்டது.

ஏழுபூட்டன் அதன்பின் பதினாறு வருஷம் அந்தத் துறையிலேயே புட்டு விற்றான். யார் பக்குவம் கேட்டாலும் சொல்லிக்கொடுத்தான். அவனுடைய வலது கை விரல்கள் கடைசிவரை முழுசாக நிமிரவில்லை.