வலது காலின் வேலை

தூத்துக்குடியில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இர்ஃபான் அனிமேஷன் சொல்லித்தந்தான். குருவுக்கு வயது இருபத்தெட்டு. மீசைகூட இன்னும் முழுசாக ஒத்துழைக்கவில்லை. சிஷ்யை சகாயமேரிக்கு நாற்பத்தாறு. சின்ன வயதில் வந்த போலியோவில் இடது கால் சூம்பிப்போனவள். மாடிப்படி ஏற அவளுக்குப் பத்து நிமிடம் ஆகும். ஆனால் ஒரு நாளும் வகுப்புக்குப் பிந்தியதில்லை.

தன்னையே உருவமாக்கி, தெருவில் நடந்து வருவதுபோல ஒரு சின்னப் படம் செய்துகொண்டிருந்தாள். அன்று மாலை ஆறு மணிக்குள் அதை ஒரு பட விழாவுக்கு அனுப்பியாக வேண்டும். நொண்டி என்றே கூப்பிட்டுப் பழகிய ஊருக்கு, தான் யாரென்று தன் கையாலேயே காட்டிவிட வேண்டும் என்பது அவள் பிடிவாதம்.

காலையில் வந்ததும் படத்தை ஓட்டிக் காட்டினாள்.

"மாஸ்டர், முகம் என் முகம். சேலை என் சேலை. நடையும் அச்சு அசல் என் நடைதான். ஆனா பாக்கப் பாக்க, எவளோ என்னைக் கேலி பண்ணி நடக்கிற மாதிரி இருக்கு. ஏன்?"

இர்ஃபான் நாற்காலியை விட்டு எழுந்து, இடது காலை இழுத்து இழுத்து அறையின் குறுக்கே நடந்தான்.

சகாயமேரிக்குச் சுருக்கென்றது. பள்ளிக்கூட வராந்தாவில் கேட்ட சிரிப்பெல்லாம் மறுபடி காதுக்குள் கேட்டது.

"நீங்களும் ஆரம்பிச்சிட்டீங்களா மாஸ்டர்?"

"இதைத்தான் அக்கா கம்ப்யூட்டர்ல செஞ்சு வச்சிருக்கீங்க. வலது காலை எப்படிச் செஞ்சீங்க?"

"அது நல்ல கால்தானே. அதுல பாக்க என்ன இருக்கு? கம்ப்யூட்டர்ல ரெடியா கிடந்த நடையை எடுத்து ஒட்டிட்டேன்."

"இப்போ நீங்க நடங்க."

கோபத்தோடுதான் நடந்தாள். சுவரிலிருந்து சுவருக்கு, பத்துத் தடவை. அவன் தரையில் உட்கார்ந்து பென்சிலால் தாள் தாளாக வரைந்து தள்ளினான். வரைந்ததை எல்லாம் அவள் கையில் கொடுத்தான்.

ஒரு தாளிலும் இடது கால் இல்லை. வலது பாதம் விரல்களை விரித்துத் தரையைப் பிடித்திருந்தது. வலது முழங்கால் மொத்த உடம்பையும் வாங்கிக்கொண்டு, கொஞ்சம் பொறுத்து, முன்னால் தள்ளியது. இடுப்பும் தோளும் அதற்கு ஒத்தாசையாகத் திரும்பின.

சகாயமேரி தாள்களை மேசைமேல் பரப்பினாள். ஒட்டிவைத்த வலது காலை அடியோடு அழித்தாள். மதியம் சாப்பிடப் போகவில்லை. நடுநடுவே எழுந்து நடந்தாள். வலது தொடையில் கையை வைத்து, அது எப்போது இறுகுகிறது, எப்போது தளர்கிறது என்று பார்த்துக்கொண்டாள். திரும்ப வந்து உட்கார்ந்தாள். இடது காலில் ஒரு அசைவையும் அவள் மாற்றவில்லை.

ஐந்தரைக்குப் படத்தை ஓட்டினாள். திரையில் வந்தவள் தன் உடம்பைத் தானே தூக்கிக்கொண்டு, எங்கோ போயே தீருவேன் என்று வந்துகொண்டிருந்தாள். சகாயமேரிக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே படத்தை அனுப்பினாள்.

"இத்தனை வருஷமா என்னைச் சுமந்த காலு," என்றாள். "இதை நான் ஒரு நாள்கூடப் பாத்ததில்லையே மாஸ்டர்."

"கேலி பண்ணினவங்களும் பாக்கலை அக்கா. நீங்க அவங்ககிட்டதானே பாக்கப் படிச்சீங்க?"